விசித்திரசித்தனும் நம் கல்லூரி மாணவரும்

செஞ்சிக் கோட்டையைக் காண விழுப்புரம் வழியாகச் செல்வோர் இடையிலுள்ள மண்டகப்பட்டு என்னும் சிற்றூரைப் பெரும்பாலும் கவனியாமலே கடந்து விடுகின்றனர். கோட்டை 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்றுவிட்டது. மண்டகப்பட்டின் குடைவரையோ அக்கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அதனைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதனையும் கொள்ளாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவருக்கும் இக்கோயில் ஆக்கப்பட்டது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு அறிவிக்கிறது. ஆக்கியவன் தன்னை விசித்திரசித்தன் என்று அதில் குறிப்பிட்டுக் கொள்கிறான். புதுமைகளை நாடும் மனத்தினன் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

அப்பெயர் அவனுக்குப் பொருந்தியதே. அவன் நாடாண்டவன், போர் செய்தவன், மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை எழுதியவன், ஓவியத்தில் வல்லவன் என்பதால் சித்திரகாரப்புலி எனவும் பெயர் பூண்டவன். இத்தகைய பல்கலை வல்லாரை நம் மக்கள் என்றும் வியந்தே வந்திருக்கின்றனர். ஆனால் தம் வீட்டுப் பிள்ளை கல்லூரி வாயிலில் நின்று, “வரலாறும் படிக்க வேண்டும், வணிகவியலும் படிக்க வேண்டும்” என்று சொல்லும்போது மட்டும் நாம் திகைக்கிறோம். ஒன்றையே உருப்படியாகப் படிக்கச் சொல்வதா? இரண்டையும் படித்தால் இரண்டு வேலைக்கு வழி என்று மகிழ்வதா? இவ்விரண்டுக்கும் நடுவே மொழிப்பாடம், சுற்றுச்சூழல், நன்னெறிக் கல்வி, நாட்டு நலப்பணி என்று எல்லார்க்கும் பொதுவாக வகுக்கப்பட்ட பாடங்களும் நிற்கின்றனவே, அவற்றை என்ன செய்வது? இக்கேள்வி காலஅட்டவணையைப் பற்றியது போலத் தோன்றினும், சற்று ஆழ்ந்து நோக்கின் அறத்தைப் பற்றியதே.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக் கொள்வோம். இரட்டைப் பட்டம் வேறு. ஒரே பட்டத்துக்குள் இரு முதன்மைப் பாடம் கொள்வது வேறு. நம் தமிழகத்தில் முன்பு வழங்கிய இரட்டைப் பட்டம், ஒரு பட்டம் முடித்தவர் மொழிப்பாடங்களினின்று விலக்குப் பெற்று ஓராண்டில் வேறொரு பாடத்தில் மற்றொரு பட்டம் பெறும் முறையாகும். பள்ளி ஆசிரியர் பதவி உயர்வுக்கு அது செல்லுமா என்ற வழக்கு, 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. மூன்றாண்டுகள் கற்றுப் பெறும் பட்டத்துக்கு அது ஈடாகாது என்றே நீதிமன்றம் கண்டது. அறிவு பெறக் காலம் வேண்டும் என்னும் பழைய உண்மை அத்தீர்ப்பில் அடங்கியிருக்கிறது எனலாம். பாதிக்கப்பட்ட ஆசிரியர்களின் மனக்குறை வேறு செய்தி.

பின்னர் 2022 ஏப்ரலில், ஒரே வேளையில் இரு பட்டப்படிப்புகளைத் தொடரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு இசைவு தந்தது. ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் கற்கலாம். வகுப்பு நேரங்கள் மோதாவிடில் இரண்டையும் நேரடியாகவே கற்கலாம். இவ்வாறு கற்போர் பெரும்பாலும் பொதுப்பாடங்களையும் இருமுறை கற்க நேரிடும் என்பதை எத்துணைப் பெற்றோர் எண்ணிப் பார்த்தனர்? அதே ஆண்டு டிசம்பரில் அக்குழு வெளியிட்ட பாடத்திட்ட வரைவுதான் ஒரே பட்டத்தில் இரு முதன்மைப் பாடங்களுக்கு இடம் தந்தது. அதன் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 மதிப்பலகுகள். முதற்பாடத்துக்குக் குறைந்தது 60. இரண்டாம் பாடத்தையும் முதன்மையாகக் கொள்ள, மொத்தத்தில் நூற்றுக்கு நாற்பது, அதாவது 48. இரண்டும் சேர்ந்து 108. எஞ்சுவன பன்னிரண்டே. ஆனால் மொழித்திறன், பிறதுறை அறிமுகம், திறன் பயிற்சி, விழுமியக் கல்வி, பணிப்பயிற்சி ஆகிய பொதுத் தேவைகளோ குறைந்தது 34 மதிப்பலகுகளைக் கேட்கின்றன. ஆக 22 மிகை. ஒரு மதிப்பலகுக்குப் பதினைந்து மணி நேர வகுப்பு என்று கொண்டால், 330 மணி நேரம். ஒரே தாளை இரு கணக்கிலும் எழுதிக்கொள்ள இடந்தரும் நிறுவனங்களில் இச்சுமை குறையலாம். மற்றவற்றில் அந்த 330 மணி நேரம் ஓர் இளைஞரின் உறக்கத்திலிருந்தோ, நட்பிலிருந்தோ, வழிபாட்டிலிருந்தோ, வயல் வேலையிலிருந்தோதான் எடுக்கப்பட வேண்டும்.

நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் அமைப்பு வேறு. இங்குப் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்றே முதன்மைப் பாடமும் சார்புப் பாடமும். 2008-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விருப்பத் தெரிவு முறை பரவியபின் பகுதி நான்கும் ஐந்தும் சேர்ந்தன. இதில் இரண்டாம் முதன்மைப் பாடத்துக்கு இடமே இல்லை என்று சொல்லிவிடலாம். எனவே நம் பிள்ளைகள் பகலில் ஒரு கல்லூரியிலும் இரவில் தொலைநிலைப் பாடநூல்களுடனும் அவ்வாசையை நிறைவேற்றிக் கொள்கின்றனர்.

இந்த ஆசை நல்லதா? புனித தோமா அக்குவினா இதனை நமக்கு முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டில், ஆராய்ந்திருக்கிறார். கற்பதில் ஊக்கம் என்னும் நற்பண்பை அவர் அறிவுடைமையின் கீழ் வைக்காமல் அளவுடைமையின் கீழ் வைத்தார். உணவில் அளவு வேண்டுவது போல அறியும் வேட்கையிலும் அளவு வேண்டும் என்பது அவர் கருத்து. அளவு மீறிய அறிவு வேட்கைக்கு அவர் காட்டும் அடையாளங்களுள் இரண்டு இங்கே நமக்குப் பயன்படும். ஒருவன் தன் கடமையாகிய கல்வியை விட்டுவிட்டு, அத்துணைப் பயனற்ற பிறிதொன்றில் ஈடுபடுவது ஒன்று. தன் ஆற்றலுக்கு மேற்பட்டதை அறிய முயன்று எளிதில் தவறுக்குள் வீழ்வது மற்றொன்று.

இரண்டாவதை வைத்து நம் பிள்ளைகளை அச்சுறுத்துவது எளிது. “உன்னால் முடியாது” என்னும் சொல்லைச் சிற்றூர்ப் பிள்ளைகள் போதுமான அளவு கேட்டாயிற்று. மதிப்பெண்ணை வைத்து ஒருவரின் ஆற்றலை அளந்துவிடலாம் என்று நாம் நம்பவில்லை. முதலாவது அடையாளமே நம் பொருளுக்கு நெருங்கியது. கடமையாகிய கல்வி என்பது எது? முதன்மைப் பாடங்கள் இரண்டும் மாணவர் தாமே தேர்ந்தவை. அவர் விருப்பத்துக்கும் பிழைப்புக்கும் உரியவை. பொதுப்பாடங்களை அவர் தேரவில்லை. சமூகம் அவர்முன் வைத்தது அது. தன் விருப்பத்தை இருமடங்காக்கிக் கொள்பவர், தன்மேல் சமூகத்துக்குள்ள உரிமையையும் நினைவில் கொள்ள வேண்டியவர் ஆகிறார். ஆனால் நடப்பது இதற்கு மாறானது. இரண்டு துறை கற்க விழைவோரே பொதுப்பாடத்தை வரி என்று கருதி, எவ்வளவு குறைவாகக் கட்டித் தப்பலாம் என்று பார்க்கின்றனர்.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைச் சிலரேனும் அறிந்தால் நலம். விடுதலைக்குப் பின் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, எத்துறை மாணவருக்கும் பொதுக் கல்வி வேண்டும் என வலியுறுத்தியது. பிரிவினையின் குருதி காயாத காலம் அது. பொறியாளரும் மருத்துவரும் தம் துறையை மட்டும் அறிந்து, தம் நாட்டாரை அறியாதிருத்தல் எவ்வளவு கேடானது என்பதை அந்தத் தலைமுறைக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவரோடு தொடங்கியது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது அதன் முறை. சுற்றுச்சூழல் தாளுக்கு வித்திட்டது எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பாகும். தேர்வுக்கு முந்தைய இரவில் வழிகாட்டி நூலைப் புரட்டும் மாணவருக்கு, தன் கையிலிருப்பது ஒரு நீதிமன்ற ஆணையின் பிள்ளை என்பது தெரிவதில்லை. யாரும் சொன்னதும் இல்லை.

கர்தினால் நியூமன் 1852-இல் டப்ளின் நகரில் ஆற்றிய பல்கலைக்கழகப் பேருரைகளில் ஒரு கூர்மையான கருத்தைச் சொன்னார். அறிவின் வட்டத்திலிருந்து ஒரு துறையை அகற்றினால் அவ்விடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. அண்டையிலுள்ள துறைகள் தம் எல்லை மீறி அவ்விடத்தைப் பற்றிக்கொள்கின்றன என்பது அது. அவர் இறையியலுக்காக இதனை வாதித்தார். நாம் இதனைத் தமிழுக்கும் நன்னெறிக்கும் பொருத்திப் பார்க்கலாம். வணிகவியல் மட்டும் அறிந்தவர், முதியோரைப் பேணுவதையும் செலவுக் கணக்காகவே எழுதத் தொடங்குவார். வரலாறு மட்டும் அறிந்தவர் எல்லாவற்றையும் பழைய பகையாகக் காணக்கூடும். இரண்டும் அறிந்தவர் இரண்டு குறைகளையும் சேர்த்து உடையவராய் இருப்பதற்குத் தடை ஒன்றும் இல்லை! துறைகள் இரண்டான மாத்திரத்தில் பார்வை அகன்றுவிடும் என்று எண்ணுவோர் இதை எண்ணிப் பார்ப்பது நல்லது.

மண்டகப்பட்டின் குடைவரையில் மூன்று கருவறைகள் பின்சுவரில் வரிசையாக உள்ளன. மூன்றுக்கும் தனித்தனி வாயில் வெளியிலிருந்து கிடையாது. முன்னே தூண்களுடன் கூடிய ஒரே மண்டபம். அதனூடே சென்றுதான் எதனையும் அடைய முடியும். பல்லவச் சிற்பி பாடத்திட்டம் வகுக்கவில்லை என்பது உண்மையே. எனினும் பொதுப்பாடத்தின் இயல்பைச் சொல்ல இதனினும் பொருத்தமான உருவம் நமக்குக் கிடைக்கவில்லை. முதன்மைப் பாட வகுப்பில் மாணவர் தம்மை ஒத்தவரோடு அமர்கிறார். தமிழ் வகுப்பிலோ வேதியியல் மாணவரும் வரலாற்று மாணவரும், செஞ்சியைச் சுற்றிய ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவரும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் ஒரே விசிப்பலகையில் அமர்கின்றனர். சாதி பார்த்துக் குடியிருப்புப் பிரிந்து கிடக்கும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. நலப்பணி முகாமில் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டியிருக்கிறது. இதனை ஒரு தாள் என்று எண்ணி மதிப்பலகு போடுவதுகூடச் சற்று நகைப்புக்குரியதே.

இவ்வளவும் சொல்லிய பின், மாணவர் தரப்பு நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுப்பாடத்தை இகழ அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவை பெரும்பாலும் கல்வி நிறுவனங்களே. பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்கும்போது மூன்றாம் பகுதி மதிப்பெண்ணே பெரிதும் நோக்கப்படுகிறது. நான்காம் பகுதியில் தேறினால் போதும். நன்னெறிக் கல்வித் தாளை, அன்று வகுப்பு இல்லாத ஆசிரியர் எவரோ அவரே நடத்துகிறார். நலப்பணி மணி நேரங்கள் பதிவேட்டில் ஒரே நாளில் ஒரே மையினால் நிரம்புகின்றன. பொய்க் கணக்கு எழுதி நன்னெறியில் தேறும் விந்தையை இளைஞர் கண்முன் காண்கின்றனர். ஒரு தாளை மதிக்காத கல்லூரி, அதனை மாணவர் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க உரிமை உடையதன்று. நம் திருச்சபை நடத்தும் கல்லூரிகள் பல உள்ளன. முதன்மைப் பாடத்தில் யார் சிறந்த ஆசிரியரோ அவரைப் பொதுப்பாட வகுப்புக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது அவற்றுக்குப் பெரிய செலவாகாது.

மற்றொரு வாதமும் உண்டு. இரண்டும் வேண்டுமெனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கற்கலாமே, மூன்றாண்டுக்குள் அடைக்க வேண்டுவதென்ன என்பது. இதற்கு நம்மிடையே ஒளிமிக்க எடுத்துக்காட்டு உண்டு. தனிநாயகம் அடிகளார் 1913-இல் யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்து, உரோமையில் இறையியல் கற்று, புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேசுத் திருச்சபையைப் பற்றி ஆய்ந்து முனைவரானார். அதன் பின்னரே, முப்பது வயதைக் கடந்தபின், 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து தமிழிலக்கியம் கற்றார். பின்னும் இலண்டன் சென்று, பண்டைத் தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை பற்றி ஆய்ந்து மற்றொரு முனைவர் பட்டம் பெற்றார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்ற அந்தக் கைகளில் இறையியல், இலக்கியம், கல்வியியல் மூன்றும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் உரிய காலத்தை அவர் கொடுத்தார். உரோமையில் இருந்தபோதே அனைத்தையும் முடித்துவிட அவர் விரையவில்லை.

இவ்வாதம் நம்மை மயக்கும் அளவுக்கு அழகியது. ஆயினும் அது எல்லார்க்கும் பொருந்துமா? அடிகளார் துறவு நெறியினர். அவருக்கு உணவும் உறைவிடமும் தரத் திருச்சபை இருந்தது. மண்டகப்பட்டைப் போன்ற ஒரு சிற்றூரிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் விழுப்புரத்து அரசுக் கல்லூரிக்குச் செல்லும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தன் ஊர்க் குடைவரையைப் பார்த்து வளர்ந்ததால் அவளுக்கு வரலாற்றில் ஆசை. வீட்டுக்கு வேண்டியதோ கணக்கெழுதிச் சம்பளம் வாங்கும் பெண். அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாயில் பேருந்து, நூல், தேர்வுக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். பட்டம் முடிந்த மறு ஆடியிலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி விடுவர். இல்லையேல் சென்னையில் ஏதேனும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவர். “பிறகு கற்கலாம்” என்னும் அறிவுரையில் உள்ள அந்தப் பிறகு, அவள் வாழ்வில் வரப்போவதில்லை. கதவு திறந்திருக்கும் மூன்றாண்டுகளில் இரு கைகளாலும் அள்ளிக்கொள்ள அவள் விழைவதை அளவு மீறிய வேட்கை என்று நாம் சொல்லத் துணியோம்.

அப்படியாயின் அவளுடைய 330 மணி நேரம் எங்கிருந்து வரும்? பொதுப்பாடத்திலிருந்து வரக்கூடாது என்பதே நம் கருத்து. அவளுக்குத்தான் அது மிகவும் வேண்டும். பாறைகளை உடைத்துச் சல்லியாக்கும் தொழில் தன் வட்டாரக் குன்றுகளுக்கு என்ன செய்கிறது என்பதை வரலாற்றுத் தாளோ வணிகவியல் தாளோ அவளுக்குச் சொல்லாது. சுற்றுச்சூழல் தாள் சொல்லும், நேர்மையாக நடத்தப்படின். தன் உரிமையை எழுதிக் கேட்கும் மொழியைத் தமிழ்த் தாளும் ஆங்கிலத் தாளும் தரும். உறக்கத்திலிருந்தும் எடுக்க இயலாது. உடல் ஒருநாள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

எஞ்சியிருப்பது வீடும் ஊரும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளும் நேரமே. அண்ணன் அதே கல்லூரியில் படித்தபோது மாலை வந்ததும் நூலைத் திறந்தான். இவள் வந்ததும் குடத்தை எடுக்கிறாள். இவ்வேறுபாட்டைப் பற்றி எந்தப் பாடத்திட்டக் குழுவும் விதி செய்ய முடியாது. தாயும் தந்தையும் அண்ணனும் செய்ய வேண்டிய விதி அது. பங்கும் இக்கணக்கிலிருந்து நழுவ முடியாது. ஞாயிறு காலைத் திருப்பலியில் பாடுவதற்கு அவளை அழைக்கிறோம். அதற்குப்பின் மறைக்கல்வி வகுப்பு எடுக்கச் சொல்கிறோம். மாலையில் இளையோர் கூட்டம், விழாக் காலமாயின் தோரணமும் நாடகமும். படிக்கின்ற பிள்ளை என்பதாலேயே எல்லாப் பணியும் அவளையே நாடுகின்றன. இவை நற்பணிகளே. ஆயினும் அவள் மணிக்கணக்கில் இவற்றுக்கும் விலை உண்டு.

பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாக எடுத்துக் கொள்ளலாம். பருவத் தேர்வுக்கு முந்தைய ஆறு வாரங்களில் கல்லூரி மாணவரைப் பங்குப் பணிகளினின்று விடுவித்து, அவ்விடத்தைப் பணி ஓய்வு பெற்ற பெரியோர் ஏற்பது ஒன்று. மறைக்கல்வி அறையை வார நாள்களில் இரவு ஒன்பது மணி வரை விளக்கோடு திறந்து வைத்து, எச்சமயத்துப் பிள்ளையும் வந்து படிக்க இடந்தருவது மற்றொன்று. வீடு திரும்பும் பெண் பிள்ளைகளுக்குத் துணையாகச் செல்ல நான்கு பேர் முன்வந்தால் அதுவே போதும். மின் கட்டணத்தைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.